பொன்னாடையும் சூளையும்

கேள்வி: பாரம்பரியக் கைத்தொழில்களைக் காப்பாற்ற ஊர்தோறும் பயிற்சிப் பட்டறை நடத்தச் சர்க்கார் பணம் கொடுக்கிறதே, அதனால் பிரயோஜனம் உண்டா?
– ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: பீங்கானுக்கென்றே தொழிற்பேட்டையும் கல்விக்கூடமும் வைத்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரர் என்னைக் கேட்பது, திருப்பதியிலிருந்து லட்டுக்குப் பக்குவம் கேட்பதைப் போலத்தான். 2023இல் ஆரம்பமான விசுவகர்மா திட்டத்தில் குயவருக்கும் இடமுண்டு; பயிற்சிக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய், கருவிகளுக்கு 15,000 ரூபாய் வரை என்பது தாராளமே. ஆனால் மண்குழம்பைப் பாரிஸ் சாந்து அச்சில் வார்த்து, அச்சு நீரை உறிஞ்ச உறிஞ்ச ஓரத்தில் படியும் மண் எந்தக் கனத்துக்கு வந்ததும் மிச்சத்தைக் கவிழ்க்கவேண்டும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லும் கண், ஒரு வாரப் பட்டறையில், அதுவும் முதல் நாள் குத்துவிளக்குக்கும் கடைசி நாள் சான்றிதழுக்கும் போக எஞ்சிய தினங்களில், எவருக்கும் வாய்த்துவிடாது. அதற்காக நிதியை நிறுத்தவேண்டாம். நவராத்திரிக்கு ஆறு மாதம் முன்பே கொலு பொம்மைகளுக்கு ஆர்டரும் முன்பணமும் கொடுத்து, பிரமுகர்களின் பொன்னாடைச் செலவைச் சூளையின் எரிபொருளுக்குத் திருப்பிவிட்டால் போதும். போர்வை இல்லாமல் பிரமுகர்கள் குளிரில் நடுங்குவார்களே என்ற விசாரம் விருத்தாசலத்து வெயிலில் அநாவசியம்.