மேரி சூவுக்கு வயது 15½

அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி 1966இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' விண்வெளித் தொடரை, 79 அத்தியாயங்களோடு 1969இல் மூட்டை கட்டியது. ரசிகர்கள் அடங்கிவிடுவார்கள் என்று நினைத்திருப்பார்கள் பாவம். ரசிகர்களிடமோ பிரதி எடுக்கும் சைக்ளோஸ்டைல் இயந்திரம் இருந்தது!

1967இலேயே 'ஸ்பாக்கனாலியா' என்ற ரசிகர் இதழ் வந்துவிட்டது. தொடரில் வரும் ஸ்பாக் உணர்ச்சியைக் காட்டவே மாட்டார். அந்தப் பற்றாக்குறையை ரசிகைகள் பக்கம் பக்கமாக ஈடுகட்டினார்கள்.

இப்படி வந்த இதழ்களில் ஒரே கதை திரும்பத் திரும்ப வந்தது. விண்கலத்துக்குப் புதிதாக ஓர் இளம்பெண் வருவாள். கலத்தின் கேப்டன் கிர்க் மயங்குவார், ஸ்பாக் மெச்சுவார், கலத்தை அவளே காப்பாற்றுவாள். பொறுத்துப் பார்த்த ரசிகை பவுலா ஸ்மித், 1973இல் ஒரு குறுங்கதையில் இதைக் கிண்டலடித்தார். நாயகி மேரி சூ, விண்படையிலேயே இளைய லெப்டினன்ட். வயது 15½. அமைதிக்கான நோபல் பரிசையும் வாங்கிக்கொண்டு, எல்லோரும் விம்மி அழச் செத்துப்போகிறாள்.

அன்றிலிருந்து குறையே இல்லாத நாயகி எவளானாலும் அவள் 'மேரி சூ'தான். போகிற கிரகமெல்லாம் காதலித்து, கையோடு அந்தக் கிரகத்தையும் காப்பாற்றிய கிர்க்குக்கு மட்டும் அந்தப் பட்டம் இல்லை. அவர் கேப்டன் அல்லவா!