மூடிய குதி, திறந்த குதி: ஒரு சித்தாந்த விசாரணை

பாயிரம்

வெதுவெதுப்பான கடலில் ஸ்கூபா டைவிங் செய்பவர் காலில் எந்த ஃபின்ஸை மாட்டிக்கொள்வது? கேட்பதற்கு, செருப்புக் கடையில் அரை மணியில் தீர்ந்துபோக வேண்டிய விவகாரம். ஆனால் அந்தமானிலோ மாலத்தீவிலோ டைவ் படகு ஒன்றில் ஏறி, பக்கத்தில் இருப்பவரிடம் “நீங்க பூட்டி போடலையா?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பவளத்திட்டு வந்து சேரும்வரை பேச்சு ஓயாது.

கட்சிகள் இரண்டு. குதிகாலோடு பாதம் முழுவதையும் ரப்பர் பைக்குள் வாங்கிக்கொள்ளும் ‘ஃபுல் ஃபுட்’ ஃபின்ஸை வெறுங்காலில் அணிவோர் ஒரு சாரார். இவர்களை மூடுகுதியார் என்போம். பூட்டி எனும் நியோப்ரீன் காலணி போட்ட காலை நுழைத்து, குதிக்குப் பின்னால் வாரை இழுத்து மாட்டும் ‘ஓப்பன் ஹீல்’ ஃபின்ஸ் அணிவோர் மறு சாரார், இவர்கள் திறகுதியார்.

காஞ்சிபுரத்து யானைக்கு எந்த நாமம் என்ற வழக்கை அறிந்த தமிழருக்கு இது புதிதல்ல. தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி போல ஜீவனும் தன் முயற்சியைக் காட்ட வேண்டும் என்பது வடகலை. தாய்ப்பூனை கவ்விச் செல்ல, குட்டி சும்மா இருந்தால் போதும் என்பது தென்கலை. வாரை இழுத்து, கொக்கியைச் சரிபார்த்து, ஃபின்னைத் தன் முயற்சியால் பற்றிக்கொள்ளும் திறகுதியார் குரங்குக்குட்டி நியாயத்தினர். காலை நுழைத்துவிட்டு மற்றதை ரப்பரிடம் விட்டுவிடும் மூடுகுதியார் பூனைக்குட்டி நியாயத்தினர். சரணாகதி அடைவதற்கு முன் பூனையின் வாய் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

வரலாற்றியல்

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களுக்கு ஃபின்ஸ் தேவைப்படவில்லை. கல்லின் கனத்தில் இறங்கினார்கள். படகில் இருந்தவர் கயிற்றால் மேலே இழுத்தார். கயிற்றைப் பிடிப்பவர் மைத்துனராக இருப்பது நல்லது, அக்காள் தாலிக்காகவாவது அவர் கை தளராது என்பது கடற்கரைப் பேச்சு. கீழே போகக் கல்லும் மேலே வர மைத்துனரும் இருக்கும்போது நடுவில் ரப்பருக்கு என்ன வேலை? பின்னாளில் சங்கு குளிப்போர் அலுமினியத் தகட்டைப் பாதத்தில் கட்டிக்கொண்டு நீந்தினார்கள். குதி என்ற பிரச்சினையே எழாத காலம் அது.

மேற்கே சிறுவன் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டனில் மரத்தட்டைகளைக் கையில் பிடித்து நீந்திப் பார்த்தான். காலுக்கும் தட்டை கட்டினான், திருப்தியில்லை. தவளை போல் நீந்துகையில் பாதத்தின் உட்புறமும் கணுக்காலும் அல்லவா தண்ணீரைத் தள்ளுகின்றன என்று பின்னாளில் விளக்கமும் எழுதினார். மின்னலை ஆராயப் போனவரையே கணுக்கால் தோற்கடித்தது என்பதை இத்துறை மாணவர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி தெ கோர்லியூ 1933இல் ரப்பர் ஃபின்ஸுக்குக் காப்புரிமை பெற்றார். 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் தங்கம் வென்ற ஓவன் சர்ச்சில் அவரிடம் உரிமம் வாங்கி, 1940 வாக்கில் அமெரிக்காவில் விற்கத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போரில் நேச நாடுகளின் தவளை வீரர்கள் காலில் ஏறியது அவர் சரக்குத்தான். இவையெல்லாம் குதியை வாரால் பிடித்தவை. ஆக, காலத்தால் மூத்தது குரங்குக்குட்டி நியாயமே.

பூனைக்குட்டி நியாயத்தின் ஆசாரியர் இத்தாலியர் லூயிஜி ஃபெராரோ. 1943இல் துருக்கித் துறைமுகங்களில் தூதரக ஊழியர் வேடத்தில் பகலைக் கழித்து, இரவில் நீந்திப் போய் எதிரிக் கப்பல்களின் அடியில் வெடிகுண்டு ஒட்டியவர். போர் முடிந்ததும் ஜெனோவாவின் கிரெஸ்ஸி நிறுவனத்துக்காக, 1950களின் தொடக்கத்தில், பாதம் முழுவதையும் மூடும் ‘ரொந்தினே’ ஃபின்ஸை வடிவமைத்தார். இருட்டில் வார் அவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதை யோசிக்கக் காரணமுள்ள மனிதர் என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

பரபக்கம்

சித்தாந்தம் நிறுவும் முன் எதிர்த்தரப்பை முழுதாகக் கேட்பதே மரபு. திறகுதியார் கூற்று நான்கு.

முதலாவது, தரை. கரையிலிருந்தே இறங்கும் இடங்களில், ஹேவ்லாக் தீவின் நீமோ ரீஃப் போல, கல்லும் உடைந்த பவளமும் கடல் முள்ளெலியும் வெறுங்காலுக்குக் காத்திருக்கின்றன. இரண்டாவது, படகுத் தளம். பகல் வெயிலில் அதில் வெறுங்காலோடு நிற்பது தீமிதிக்கு ஒத்திகை. மூன்றாவது, விட்டுக்கொடுத்தல். வாரைக் கூட்டலாம், குறைக்கலாம். ரப்பர் பை எதற்கும் இசையாது. நான்காவது, ஏணி. படகேறும்போது ஸ்பிரிங் வாரை ஒரு விரலால் இழுத்தால் ஃபின் கையோடு வந்துவிடும். மூடுகுதியாரோ அலையில் ஆடிக்கொண்டே ஒற்றைக் காலைக் கையில் பிடித்து, சிக்கிய குதியை உருவிக்கொண்டிருப்பார்.

நான்கும் வலுவானவை. முதலாவதற்கு மறுப்பே கிடையாது. ஆகவே கரையிலிருந்து இறங்குவோர் இந்த இடத்திலேயே கட்டுரையை மூடிவிட்டுப் பூட்டி வாங்கப் போகலாம்.

சுபக்கம்

மீதமிருப்போர் படகிலிருந்து குதிப்பவர்கள். படகு நிழலில் நிற்கிறது. ஏறும்போதே செருப்பைக் கழற்றிக் கூடையில் போடச் சொல்லிவிட்டார்கள். தண்ணீர் 28 டிகிரி. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் என்பது மெய்தான். ஆனால் 28 டிகிரியில் குளிர்ந்தால் முதலில் குளிர்வது மார்பும் முதுகும். அதற்கு வெட்சூட் இருக்கிறது. பாதம் முறையிட்டதாகச் செய்தியில்லை.

இனி பூட்டியின் குணதோஷம். நியோப்ரீன் என்பது நுண்குமிழ்கள் நிறைந்த ரப்பர், மிதக்கும். பூட்டி போட்டவர் காலும் அதனோடு மேலெழப் பார்க்கும். அதை அமுக்கக் கனமான ரப்பர் ஃபின்ஸ் வாங்குகிறார். கனமான ஃபின்ஸுக்குப் பெரிய பை. பெரிய பைக்கு விமானத்தில் கூடுதல் கட்டணம். கட்டணம் கொடுத்தாயிற்றே என்று இன்னொரு ஜோடி பூட்டி. தர்க்க நூலார் இதை அநவஸ்தை என்பார்கள், முடிவில்லாமல் பின்னோக்கிப் போகும் குற்றம். உள்நாட்டு விமானத்தில் 15 கிலோவுக்குள் ஒரு வாரத் துணியும் ரெகுலேட்டரும் முறுக்கு டப்பாவும் அடங்க வேண்டிய பயணிக்கு இக்குற்றம் பணமாகவே உறைக்கும்.

வெறுங்கால் நேராக ரப்பருக்குள் இருப்பதன் பயன் தண்ணீரில் தெரியும். தொடையிலிருந்து கிளம்பும் உதை, பூட்டியின் மெத்தையில் கரையாமல் பிளேடு வரை போய்ச் சேர்கிறது. வாரும் கொக்கியும் இல்லாததால் நீரின் இழுப்பும் குறைவு. மீன்வலையோ கயிறோ சிக்குவதற்கும் இடமில்லை. மாலத்தீவின் கால்வாய்களில் நீரோட்டத்தை எதிர்த்து ஓரிரு நிமிடம் உதைக்க நேர்ந்தவர்க்கு இது மனப்பாடமாகிவிடும்.

நான்காம் கூற்றான ஏணியை ஒப்புக்கொள்வோம். மூன்றாம் கூற்றான விட்டுக்கொடாமை மட்டும் மிஞ்சுகிறது. அதற்கு விடை, அளவைச் சரியாகப் பார்த்து வாங்குவதுதான். அளவையியல் இங்கே தொடங்குகிறது.

அளவையியல்

ஒரு பொருளை உள்ளபடி அறிய நம் நூலோர் சொன்ன வழிகள் காட்சி, கருதல், உரை என மூன்று. ஃபின்ஸ் கடையில் இம்மூன்றும் தலைகீழ் வரிசையில் வருகின்றன.

உரை: கடைக்காரர் வாக்கு. “போடப் போட லூஸாயிடும் சார்” என்பது இதில் முதன்மையான வேதவாக்கியம். தோல் செருப்புக்குப் பொருந்தும் இவ்வாக்கியத்தை ரப்பருக்கு நீட்டுவது தகாது. தோல் கால் வடிவத்துக்கு நெகிழும். ரப்பரின் குணமே பழைய வடிவத்துக்குத் திரும்புவது. கடையில் கடிப்பது கடலிலும் கடிக்கும்.

கருதல்: அளவு அட்டவணை. நம் ஊர்க் காலணி எண் ஆங்கிலேயர் விட்டுச் சென்றது. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஒரு வாற்கோதுமை மணியின் நீளம். ஐரோப்பிய எண்ணில் அந்த இடைவெளி சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. நம் 8 அவர்களுக்கு ஏறத்தாழ 42. ஃபின்ஸ் செய்பவரோ 42-43 என்று இரண்டு எண்களை ஒரே பைக்குள் குடிவைக்கிறார். தானியத்தில் அளந்த காலை மெட்ரிக்கில் பெயர்த்து, இரண்டால் கூட்டிக்கட்டிய பிறகு கிடைப்பதைத் துல்லியம் என்று சொல்ல முடியாது. மேலும் எண் சொல்வது நீளத்தை மட்டும். வெறுங்காலோடு நடந்து வளர்ந்தவர் பாதம் முன்புறம் அகன்றிருக்கும் என்பதை ஆய்வாளர்கள் தென்னிந்தியர் கால்களையே அளந்து காட்டியிருக்கிறார்கள். புறங்காலின் உயரம் பற்றி அட்டவணை வாயே திறப்பதில்லை. ரப்பர் முதலில் அழுத்துவது அங்கேதான்.

காட்சி: போட்டுப் பார்த்தல். மற்ற இரண்டையும் தள்ளிவிட்டு இதைக் கொள்க. பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போகவும். காலை ஈரமாக்கி நுழைக்கவும். காய்ந்த கால் ரப்பரில் ஒட்டிக்கொண்டு பொய்ச்சாட்சி சொல்லும். உட்கார்ந்தபடி காலைத் தூக்கி நாலாபுறமும் உதறவும். குதி வழுகினால் அது பெரிது: தண்ணீரில் உரசி, தோலுரிந்து, உப்புநீர் பட்டபின் பெரிய மீன் வந்தாலும் பார்க்கத் தோன்றாது. விரல் மடங்கினாலோ புறங்கால் மரத்தாலோ சிறிது: ஆடுசதை பிடித்துக்கொள்ளும். குதி நிறைந்து, விரல்கள் அசைய இடமிருந்தால் சரி. இரண்டு அளவுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் மெல்லிய நியோப்ரீன் சாக்ஸ் போட்டு ஓரளவு பெரியதை வாங்கலாம். திறகுதியார் இதைக் கட்சித்தாவல் என்பர், பொருட்படுத்த வேண்டாம்.

பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீண்டிருக்கும் பெண், கணவனை ஆள்வாள் என்று சாமுத்திரிகா லட்சணம் பேசுவோர் சொல்வதுண்டு. அந்த ஆட்சியை இக்கட்டுரை ஆராயவில்லை. ஆனால் அத்தகைய கால் உள்ள ஆணும் பெண்ணும் பையின் நுனியில் விரல் முட்டுகிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். பல ஃபின்ஸில் நுனி திறந்திருப்பது இவர்களுக்கு வசதி.

பிளேடியல்

விளம்பரம் முழுக்கப் பேசுவது பிளேடைப் பற்றித்தான். அதனாலேயே இந்த இயல் சிறியது. விறைத்த பிளேடு நீரோட்டத்தில் உதவும், பழகாத காலைப் பிடித்துக்கொள்ளும். மெத்தென்றது காலுக்கு இதம், அவசரத்தில் கைவிடும். நடுவே பிளந்தது மேலும் கீழுமாக மெல்ல உதைப்போர்க்குச் சுகம். தவளை உதையில் திரும்பவும் பின்வாங்கவும் அவ்வளவாக ஒத்துழைக்காது. மூச்சடக்கி மூழ்குவோரின் நீண்ட பிளேடும் மூடிய குதிதான் என்றாலும், சிலிண்டரோடு பவளத்தின் அருகே போகிறவர் அதை நாடக்கூடாது. பின்னால் எதை உடைக்கிறோம் என்று அவருக்கே தெரியாது. நடுத்தர நீளம், நடுத்தர விறைப்பு, இதுவே விதி. நிறம் அழகுக்கல்ல: மஞ்சள் ஃபின்ஸ் போட்டவரை டைவ் கைடு கூட்டத்தில் எளிதில் கண்டுகொள்வார்.

வாங்கியதைப் பேணும் முறையும் உண்டு. நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் அச்சைப் பைக்குள் திரும்பச் செருகி, படுக்கவைக்க வேண்டும். சுவரோரம் பிளேடு நுனியில் நிறுத்தியது வளைந்தே போகும்.

புறநடை

இரண்டு கலைகளிலும் அடங்காத மூன்றாவது பிரிவு ஒன்றை முன்னோர் கவனிக்கவில்லை: வாடகைக்கலை. எண்ணிக்கையில் இவர்களுக்கும் குறைவில்லை. இவர்கள் எதையும் வாங்குவதில்லை, எந்த வாதத்திலும் கலப்பதில்லை. படகில் ஏறியதும் “சைஸ் என்ன?” என்று படகுக்காரர் கேட்கிறார், இவர்கள் “எட்டு” என்கிறார்கள், ஒரு ஜோடி கைக்கு வருகிறது. பெரும்பாலான ஃபுல் ஃபுட் ஃபின்ஸில் இடது வலது பேதமும் இல்லையாதலால் மாட்டிக்கொள்ளும்போது சிந்திக்க வேண்டியதுமில்லை.

வாடகைக்கலையாருக்கு இந்த ஆய்வு விதிப்பது ஒன்றே: எட்டு என்று சொல்லிவிட்டுக் கொடுத்ததை வாங்கிக்கொள்ளாமல், அடுத்த அளவையும் கேட்டு வாங்கி இரண்டையும் உதறிப் பாருங்கள். அதைச் செய்தால் மேலே கண்ட இயல்கள் அனைத்தின் பயனும் அவர்களுக்குச் சித்திக்கும். அவர்கள் இதைப் படிக்கப்போவதில்லை என்பது தெரியும். படித்தவர்கள் பூட்டியா வெறுங்காலா என்று படகில் வாதம் முடிப்பதற்குள், அவர்கள் பவளத்திட்டைப் பாதி சுற்றி வந்திருப்பார்கள்.