அன்னிக்கே எய்திட்டேன் நைனா

சித்தூர் காந்தி சிலைப் பக்கம் டீ குடிக்கிறவர்களுக்கு இவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திருப்பதிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். லீலா மகால் சர்க்கிளில் உங்களுக்கும் ஒருவர் இருக்கிறார். கையில் போன், போனில் லிங்க், வாயில் ஒரே வாக்கியம்: "இதை நான் அன்னிக்கே எய்திட்டேன் நைனா."

எது நடந்தாலும் அன்னிக்கே எழுதியிருப்பார். அமராவதியில் மந்திரிசபை மாறட்டும், டெல்லியில் கூட்டணி உடையட்டும், சென்னையில் ஒரு நடிகர் கட்சி தொடங்கட்டும், டிவிக்காரன் செய்தியைச் சொல்லி முடிப்பதற்குள் அவருடைய பழைய பதிவின் லிங்க் நம் வாட்ஸப்பில் வந்து இறங்கிவிடும். கீழே ஒரு கும்பிடு. அரை மணி கழித்து, "பாத்தியா?" அதற்கும் பதில் இல்லையென்றால் நேரிலேயே வந்துவிடுவார். அதற்கு லிங்கையே பார்த்துத் தொலைக்கலாம்.

பார்த்தால்தான் வம்பு. 2008 ஆகஸ்ட் 26 அன்று திருப்பதியில் நடிகர் சிரஞ்சீவி பிரஜா ராஜ்யம் கட்சியை அறிவித்தார். நம்மவரும் பஸ் பிடித்துப் போனார். கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு, மிச்சமிருந்த ஒன்றோடு நெட் சென்டருக்கு வந்து, "அடுத்த முதல்வர் அண்ணய்யாதான்" என்று விடிய விடியப் பதிவு போட்டார். 2009 தேர்தலில் 294 தொகுதிகளில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது 18. சிரஞ்சீவியே திருப்பதியில் ஜெயித்து, சொந்த ஜில்லாவில் இருக்கும் பாலகொல்லில் தோற்றார். 2011-ல் கட்சி காங்கிரசோடு கலந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்கு வந்த லிங்கின் தலைப்பு: "இந்தக் கட்சி கரை சேராது." மேலே தேதி 2008 ஆகஸ்ட் 27.

எனக்கு வேலை இல்லாத நாள். லிங்கின் முகவரியை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். நடுவில் 2009/05 என்று இருந்தது. பிளாகரில் ஒரு வசதி உண்டு. போட்ட பதிவின் தேதியை எப்போது வேண்டுமானாலும் பின்னால் தள்ளிக்கொள்ளலாம். ஆனால் முதலில் வெளியிட்ட வருஷமும் மாதமும் முகவரியில் அப்படியே நிற்கும். அதாவது, தேர்தல் முடிவைப் பார்த்துவிட்டு எழுதிய பதிவுக்கு ஒன்பது மாதம் வயதைக் கூட்டியிருக்கிறார். கேட்டேன்.

"அது கூகுள்காரன் சர்வர் பிராப்ளம்."

"தேதியை நீங்க மாத்தலையா?"

"காணிப்பாக்கத்துக்கு வா. சத்தியம் பண்றேன்."

காணிப்பாக்கம் விநாயகர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான் என்பது எங்கள் ஜில்லா நம்பிக்கை. எங்கள் அரசியல்வாதிகளும் வாரத்துக்கு ஒருவர், "காணிப்பாக்கம் வரத் தயாரா?" என்று சவால் விடுவார்கள். சித்தூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் போய்விடக்கூடிய தூரம்தான். இவரோடு இதுவரை நான் போய்ச் சேர்ந்ததில்லை.

எல்லாமே தேதித் தில்லுமுல்லு என்று சொல்லிவிட முடியாது. சில பதிவுகள் நிஜமாகவே பழசு. 2019 ஆந்திரத் தேர்தலில் ஜகன் கட்சி 151 இடம் பிடித்தபோது எழுதிய வாழ்த்துப் பதிவில், "இந்த நம்பர் என்னவோ எனக்குச் சரியாகப் படவில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. 2024-ல் 175-க்கு 11 என்று முடிவு வந்ததும் அந்த ஒரு வரி தீர்க்கதரிசனமாகிவிட்டது. "நடுவுல இருக்கிற அஞ்சு உழுந்துடும்னு அன்னிக்கே எய்திட்டேன் நைனா, நீதான் சரியா படிக்கல." வாழ்த்துப் பதிவு போட்ட அதே மாதத்தில் "ஜகன் முப்பது வருஷம் ஆள்வார்" என்று இன்னொரு பதிவும் இருக்கிறது. அதன் லிங்க் யாருக்கும் வருவதில்லை.

இவர் தைரியத்துக்கு அடிப்படை என்ன என்று ரொம்ப நாள் யோசித்தேன். இரண்டு மொழி. ஆந்திர அரசியலைத் தமிழில் எழுதுவார், தமிழ்நாட்டு அரசியலைத் தெலுங்கில் எழுதுவார். சிங்கப்பூரிலும் மதுரையிலும் படிக்கிற தமிழனுக்குப் புங்கனூரில் என்ன நடக்கிறதென்று தெரியாது. கடப்பாவில் படிக்கிறவனுக்குக் காட்பாடி நிலவரம் தெரியாது. இரண்டும் தெரிந்த ஆட்கள் சித்தூர், நகரி பக்கம்தான் இருக்கிறோம். நாங்கள் டீக்கடையில் அவரிடமே மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

நடுநிலை என்பார், சாதிக் கணக்கு போடுவார், டீக்காசு கொடுக்க மாட்டார். அதெல்லாம் எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

போலீஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம். 2015 மார்ச்சில் இணையத்தில் எழுதுகிறவர்களைப் பிடித்து உள்ளே போட உதவிய 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். (காசு நான் கொடுத்தேன்.) 2017-ல் தெலுங்கு தேசம் ஆட்சியில் "பொலிட்டிகல் பஞ்ச்" பக்கத்தை நடத்தியவரைக் கேலிப் படங்களுக்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். நம்மவர் உடனே ஆன்மிகத்துக்குத் திரும்பி, ஆண்டாளைப் பற்றித் தொடர் ஆரம்பித்தார். 2020-ல் ஜகன் ஆட்சி. விசாகப்பட்டினம் விஷவாயுக் கசிவு பற்றி முகநூலில் எழுதியதற்காகக் குண்டூரில் வயதான ஓர் அம்மா மேல் சிஐடி வழக்கு போட்டது. ஆண்டாள் இரண்டாம் பாகம். எந்தக் கட்சி வந்தாலும் இதில் மாற்றம் இல்லை என்பதை அவர் எழுதியதே இல்லை. ஆனால் ஆண்டாள் தொடர் நடக்கும் மாதங்களைப் பார்த்தால் நமக்கே புரிந்துவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம் வரும். அந்த மனுஷர் எழுதிய காலத்தில் எழுதினார். தமிழில் அடிக்க எ-கலப்பையை இறக்கிக்கொண்டு, நெட் சென்டரில் மணிக்கு இவ்வளவென்று கைக்காசைக் கொடுத்து, கரண்ட் போனால் பாதிப் பதிவை இழந்து, மறுபடி முதலிலிருந்து அடித்து எழுதினார். வலைப்பதிவுகளைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணத்தில் சூடான இடுகைகளில் பெயர் வந்தால் அன்றைக்கு அவர் நடையே வேறு. பைசா வரவில்லை. தமிழ்ப் பக்கங்களுக்குக் கூகுள் விளம்பரம் கொடுக்க ஆரம்பித்ததே 2018-ல். அதற்கு முன்பே, 2016-ல் ஜியோ வந்து, படித்துக்கொண்டிருந்தவனெல்லாம் பார்க்கிறவனாக மாறிப் போயிருந்தான். கடை திறக்க லைசென்ஸ் வந்தபோது தெருவில் ஆள் இல்லை.

இப்போது மைக் பிடித்த பையன்கள் வந்துவிட்டார்கள். முகப்புப் படத்தில் வாயைப் பிளந்த தலைவர், சிவப்பு வட்டம், அம்புக்குறி, "சற்றுமுன்". நேற்று ஒருவர் ஜெயிப்பார் என்று கத்தியவன் இன்று அந்த வீடியோவையே தூக்கிவிடுகிறான். கேட்டால், "எந்த வீடியோ?" நம்மவர் தேதியை மாற்றுவார், ஆனால் பதிவை அழிக்க மாட்டார். அந்த 2009/05 இன்னும் அங்கேயே இருக்கிறது, போய்ப் பிடிக்கலாம். பையன்களைப் பிடிக்க வழியே இல்லை.

அவரும் இப்போது சேனல் வைத்திருக்கிறார். என் கோபமே அங்கேதான். 2025 சீசனில் தோத்தாபுரி மாங்காய் விலை விழுந்து, கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. கிலோவுக்கு 12 ரூபாய், அதில் ஃபேக்டரி 8, அரசாங்கம் 4 என்று அறிவித்தார்கள். அந்த எட்டே கைக்கு வரவில்லை என்று விவசாயிகள் அழுதார்கள். ஜூலையில் ஜகன் பங்காருபாளையம் மார்க்கெட்டுக்கு வந்தார். நம்மவர் வீடியோ போட்டார், கான்வாயில் எத்தனை கார் என்று. அதற்குப் பதிலாக இன்னொரு வீடியோ, அத்தனை கார் இல்லை என்று. மாங்காயைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இத்தனைக்கும் சொந்தத்தில் மூன்று ஏக்கர் தோப்பு உள்ளவர்.

ஆத்திரத்தில் அவருடைய பழைய பதிவுகளைத் தோண்டினேன். 2011-ல் கூழ் ஃபேக்டரிகள் விலை வைக்கிற விதத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். யார் யாரிடம் வாங்குகிறார்கள், கமிஷன் எவ்வளவு, குளிர்கிடங்கு யார் கையில் என்று விவரமாக, பிரமாதமாக. முகவரியிலும் 2011 தான்.

"இதையில்ல அன்னிக்கே எழுதினேன்னு நீங்க சொல்லணும்?"

"அதுக்கு ஹிட்ஸே வர்ல நைனா" என்றார். பேச்சை மாற்றப் போனை நீட்டினார். 2029 தேர்தல் முடிவைப் பற்றி இரண்டு பதிவுகள் டிராஃப்டில் இருந்தன. ஒன்றில் சந்திரபாபு ஜெயிக்கிறார், மற்றதில் ஜகன்.

"ரெண்டுக்கும் இன்னிக்குத் தேதி போட்டு வெச்சிருக்கேன். முதல்லயே தேதி போட்டுட்டா முகவரியும் சரியா வரும். அப்போ தெரியாம போச்சு."