அமர்ந்திருப்போர், நிற்போர், கட்டாதோர்

தமிழ்நாட்டுத் தனியார் பள்ளிகளுக்கு ஆண்டில் நான்கு பருவங்கள்: அட்மிஷன், டெர்ம் ஃபீஸ், ஆண்டு விழா, குரூப் போட்டோ. நடுவே ஒழிந்த நேரத்தில் பாடமும் நடத்துகிறார்கள். நான்காவது பருவம் தை பிறந்ததும் தொடங்கும். பிள்ளையின் டைரியில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டப்பட்டு வரும். ‘அன்புள்ள பெற்றோருக்கு’ என்று ஆரம்பித்து, பள்ளிப் பருவ நினைவுகளுக்கு விலையே கிடையாது என்று நெகிழ்ந்து, அடுத்த வரியில் விலைப்பட்டியல் போடும். நான் பார்த்த சீட்டு ஒன்றில் குரூப் போட்டோ 250 ரூபாய், தனிப் படம் 200, இரண்டும் சேர்த்து லேமினேஷனோடு 400, ஃபிரேம் போட்டால் 600. பணத்தை உறையில் வைத்து, பெயர், வகுப்பு, பிரிவு எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் சரியான சில்லறையாக அனுப்ப வேண்டும். விருப்பம் உள்ளவர்கள் மட்டும் அனுப்பினால் போதும் என்று கடைசியில் ஒரு வரி, எறும்பு எழுத்தில்.

அந்தக் கடைசி வரியை நம்பி ஒரு தகப்பன் பள்ளி அலுவலகத்துக்குப் போனால் உரையாடல் இப்படித்தான் நடக்கும்.

“மேடம், இது கட்டாயமா?”

“சேச்சே, ஆப்ஷனல்தான் சார்.”

“அப்படின்னா எங்களுக்கு வேண்டாங்க.”

“சரிங்க சார். போட்டோ எடுக்கிற அன்னைக்குப் பாப்பாவ லைப்ரரியில உக்கார வெச்சிடறோம்.”

“ஏங்க, கூட நின்னா என்ன?”

“பணம் கட்டுன பிள்ளைங்க கணக்குக்குத்தான சார் பெஞ்சு போட்டிருக்கு.”

தகப்பன் பர்ஸை எடுத்துவிடுவார். (அந்தப் பள்ளியின் நூலகத்தைப் பூட்டுத் திறந்து பிள்ளைகளை உட்கார வைப்பது வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் என்பது வேறு சங்கதி.)

இந்த வசூல் நுட்பத்தின் முன்னால் கந்துவட்டிக்காரர் கத்துக்குட்டி. அவர் கடனை வசூலிக்க ஆள் அனுப்ப வேண்டும். ஆளுக்குச் சம்பளம், பைக்குக்குப் பெட்ரோல். பள்ளிக்கு அந்தச் செலவே இல்லை. கடன்காரனின் ஏழு வயது மகளையே சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பி வைக்கிறது. அவள் அழுது வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பாள். அழவில்லை என்றால் மறுநாள் முதல் பீரியடில் அதற்கும் ஏற்பாடு உண்டு: “இன்னும் போட்டோ காசு கொண்டு வராதவங்கெல்லாம் எந்திரிங்க.” நாற்பது பேரில் நான்கு பேர் எழுந்து நிற்பார்கள். அந்த நான்கு பேருக்கும் அன்றைக்கு வாய்பாடு ஏறாது. ஊரில் எது பெருமை, எது சிறுமை என்ற பாடம் மட்டும் பசுமரத்தாணியாகப் பதியும். 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதோடு மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. போட்டோ காசுக்காக எழுப்பி நிறுத்துவது அதில் வராது என்று நினைக்கிற கல்வியாளர்களிடம்தான் நாம் பிள்ளைகளை ஒப்படைத்திருக்கிறோம்.

அதே சட்டம்தான் தனியார் பள்ளியின் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. கல்விக் கட்டணத்தை அரசு கட்டிவிடும். குரூப் போட்டோவுக்கு அரசு கட்டாது, ஃபேன்ஸி டிரஸ்ஸுக்குக் கட்டாது, கலர் டே, ஃப்ரூட்ஸ் டே எதற்கும் கட்டாது. ஆகவே அந்த இடத்தில் சேர்ந்த பிள்ளை எது என்று வகுப்புக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. போட்டோ காசு கேட்கிற நாளில் அது தானாகவே எழுந்து நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, காசைக் கட்டியாகிவிட்டது. படம் வருகிறது. அதில் நம் பிள்ளை எங்கே என்று தேட வேண்டும்.

குரூப் போட்டோ என்பது பிள்ளைகளின் படம் என்று எண்ணிக்கொண்டிருக்கும் வெள்ளந்திப் பெற்றோருக்காக இதைச் சொல்கிறேன். முன்வரிசையில் குஷன் வைத்த நாற்காலிகள். நடுநாயகமாகத் தாளாளர். அவருக்கு வலப்பக்கம் அவருடைய துணைவியார், அவர் செயலாளர். இடப்பக்கம் மகன், அவர் இயக்குநர். மகனுக்குப் பக்கத்தில் மருமகள். அவர் அகடமிக் கோ-ஆர்டினேட்டர். அதற்கப்புறம் முதல்வர், துணை முதல்வர். ஓரத்தில், பாதி நாற்காலியில், பிள்ளைகளுக்கு உண்மையாகவே பாடம் நடத்துகிற வகுப்பாசிரியை. இவர்களுடைய காலடியில் தரையில் ஒரு வரிசைப் பிள்ளைகள், முதுகுக்குப் பின்னால் பெஞ்சின் மேல் இரண்டு வரிசை. கடைசி வரிசையில் நம் பிள்ளையின் நெற்றியும் ஒரு கண்ணும் தெரிகின்றன. இன்னொரு கண் பக்கத்துப் பையனின் தோளுக்குப் பின்னால் இருப்பதாக நம்பிக்கொள்ள வேண்டும். படத்துக்குக் கீழே ‘அமர்ந்திருப்போர், இடமிருந்து வலமாக’ என்று பட்டங்களோடு பெயர் வரிசை. நிற்போருக்குப் பல பள்ளிகள் இப்போது பெயர் போடுவதில்லை, இடம் போதவில்லையாம். ஒரு குடும்பம் எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை எல்லாப் பிரிவுகளோடும் உட்கார்ந்து எடுத்துக்கொள்ளும் குடும்பப் படத்துக்குப் பின்னணித் திரையாக நம் பிள்ளைகள் நிற்கிறார்கள். திரைக்கு வாடகையையும் நாமே கட்டுகிறோம்.

தொகை சின்னது, இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று கேட்பவர்கள் பள்ளி நடத்துகிறவர்களாக இருப்பார்கள், அல்லது ஒற்றைப் பிள்ளைக்காரர்களாக இருப்பார்கள். 1,200 பிள்ளைகள் படிக்கும் பள்ளி, தலைக்கு 250 என்றால் மூன்று லட்சம் ரூபாய். கடைத்தெரு லேபில் நாம் ஒற்றை ஆளாகப் போய் அதே அளவுக்குப் பிரிண்ட் போட்டாலும் ஐம்பது அறுபது ரூபாயைத் தாண்டாது. மீதி எங்கே போகிறது? போட்டோகிராபருக்கு என்று சொல்வார்கள். அந்த மனிதரைத் திட்டி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. செல்போன் வந்து கல்யாண வீட்டைத் தவிர மற்ற வேலைகளையெல்லாம் அடித்துக்கொண்டு போனபின், பள்ளி கான்ட்ராக்ட் கிடைத்தால்தான் அவருடைய ஸ்டூடியோவுக்கு வாடகை. அந்தக் கான்ட்ராக்ட் எப்படிக் கிடைக்கிறது, கேட் திறப்பதற்கு எவ்வளவு என்று அவரிடம் டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். சிரித்துவிட்டு டீயை ஆற்றுவார்.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? 2009-இல் தமிழ்நாடு பள்ளிகள் கட்டண வசூல் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு. முதல் தலைவர் நீதிபதி கே. கோவிந்தராஜன். 2010-இல் அந்தக் குழு பள்ளி பள்ளியாகக் கட்டணம் நிர்ணயித்தபோது, நாட்டில் பெரிய அநியாயம் நடந்துவிட்டதுபோல நிர்வாகங்கள் கொந்தளித்தன. பிறகு அமைதியாகிவிட்டன. குழு நிர்ணயித்தது கல்விக்குத்தான். வாழ்க்கையில் கல்வியைத் தவிர எத்தனையோ இருக்கிறது என்பதைக் கண்டுகொண்ட அமைதி அது. டை இருக்கிறது, பெல்ட் இருக்கிறது, சுற்றுலா இருக்கிறது, ஸ்மார்ட் கிளாஸ் இருக்கிறது, போட்டோ இருக்கிறது. போட்டோ காசுக்கு ரசீது கேட்டுப் பாருங்கள், ‘இது ஸ்கூல் அக்கவுண்ட் இல்ல சார்’ என்பார்கள். ஸ்கூல் டீச்சர், ஸ்கூல் டைரி வழியாக, ஸ்கூல் பெஞ்சின் மேல் நிறுத்தி வாங்கிய காசு எந்த அக்கவுண்ட் என்று கேட்கிற தைரியம் பிள்ளையை அங்கே விட்டிருக்கும் நமக்கு வராது.

அந்தச் சட்டத்தை மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டுவரை சிறை என்றிருக்கிறது. தமிழ்நாட்டுத் தாளாளர்கள் தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவதாகத் தகவல் இல்லை. அபராதம் ஐயாயிரம் ரூபாய்வரை. இருபது குரூப் போட்டோவின் விலை. ஒரு வகுப்பின் பாதி. புகாரை மாவட்டக் கல்வி அலுவலரிடம் கொடுக்கலாம். அலுவலகத்தில் அவர் இல்லையென்றால் பள்ளி ஆண்டு விழா மேடைக்குப் போங்கள். சிறப்பு விருந்தினர் நாற்காலியில் இருப்பார். அவருக்குப் பிரேம் போட்ட படம் இலவசம்.

ஆண்டு விழா என்றதும் நினைவுக்கு வருகிறது. அரங்க வாசலிலேயே ஒலிபெருக்கி அறிவிப்பு: பெற்றோர் செல்போனில் படமோ வீடியோவோ எடுக்கக் கூடாது. பிள்ளைகளின் பாதுகாப்பு கருதி என்பார்கள். பாதுகாப்புதான், மறுவாரம் 600 ரூபாய்க்கு விற்க வேண்டிய பென்டிரைவின் பாதுகாப்பு. பெற்ற மகள் மயில் வேஷத்தில் ஆடுவதைத் தாய் திருட்டு வி.சி.டி. எடுப்பவள்போல முந்தானைக்குள் போனை மறைத்து எடுக்கிறாள். மேற்பார்வைக்கு நிற்கும் பி.டி. மாஸ்டர் டார்ச் அடித்துப் பிடிக்கிறார். மயில் வேஷத்தின் வாடகையும் அவள் கட்டியதுதான். சில நாளில் மாதிரிப் படங்கள் வாட்ஸ்அப்பில் வரும். மகளின் நெற்றியிலிருந்து தாடைவரை குறுக்காக ‘சாம்பிள்’ என்று அச்சடித்திருக்கும். நீக்க வேண்டுமா? அதற்குத் தனியே ஜிபே எண் இருக்கிறது.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும் ஒரு 17-ஆம் பிரிவு உண்டு. ஒருவர் கேட்டு, காசு கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, மாறாக ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது அது. இங்கே எடுக்கச் சொன்னது பள்ளி, காசு கொடுத்தது பெற்றோர், முகம் பிள்ளையுடையது. மூவரில் உரிமை யாருக்கு என்று வழக்காட எந்த மூடர் வருவார்? டி.சி. கையில் கிடைக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பதுதானே நமக்கு நாமே போட்டுக்கொண்ட சட்டம்.

யு.கே.ஜி. பட்டமளிப்பு விழாவை விட்டுவிட்டால் அந்தக் குழந்தைகள் என்னை மன்னிக்காது. ஐந்து வயது, கறுப்பு அங்கி, மூக்குவரை இறங்கும் சதுரத் தொப்பி, கையில் ரிப்பன் கட்டிய சுருள். அங்கி வாடகை, தொப்பி, சுருள், படம் எல்லாம் சேர்ந்து ஆயிரத்தைத் தொடும். ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் நடந்த இழுபறியில் தமிழ்நாட்டின் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாக்கள் தள்ளித் தள்ளிப் போனதுண்டு. உண்மையாகவே படித்து முடித்தவர்கள் பட்டச் சான்றுக்காகக் காத்துக் கிடந்தார்கள். யு.கே.ஜி. பட்டமளிப்பு மட்டும் ஒரு வருஷமும் தள்ளிப்போனதில்லை. பட்டதாரிக்கு இன்னும் ஷூ லேஸ் கட்டத் தெரியாது. அது பாடத்திட்டத்தில் இல்லை.

இதுவரை சொன்னது, நம் பிள்ளையின் முகத்தை நமக்கு விற்கிற வியாபாரம். அதே முகத்தை வைத்து இன்னொரு வியாபாரமும் நடக்கிறது. மே மாதத்தில் ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். பேருந்து நிலைய எதிரில், மேம்பாலத் தூணில், ரயில்வே கேட் பக்கத்தில், வேன்களின் முதுகில் எல்லாம் பிள்ளைகளின் முகங்கள். 600-க்கு 592, 500-க்கு 496. மாநில ரேங்க் அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2017-இல் நிறுத்தியது, பிள்ளைகளின் மனஉளைச்சல் தீரட்டும் என்று. ஃபிளெக்ஸ் அடிப்பவர்களுக்கு மனஉளைச்சல் வரவில்லை. தபால்தலை அளவு முகங்களை முப்பது நாற்பதாக வரிசைப்படுத்தி, நடுவில் ஆளுயரத்துக்குத் தாளாளர் கும்பிட்டு நிற்க, ‘அட்மிஷன் நடைபெறுகிறது’ என்று அடித்துவிட்டார்கள். அந்த முகங்களுக்குப் பள்ளி யாரிடம் அனுமதி கேட்டது? எந்தத் தாய்க்கு எத்தனை ரூபாய் கொடுத்தது? ஜவுளிக்கடை விளம்பரத்தில் பாவாடை கட்டி நிற்கிற குழந்தைக்குக்கூடக் காசு உண்டு. 592 வாங்கிய பெண்ணுக்கு ஒரு சால்வை. அந்தச் சால்வையைப் போர்த்தும்போது எடுத்த படம் 150 ரூபாய்.

வாங்குகிற இடத்தில் அந்த முகம் இலவசம், விற்கிற இடத்தில் அதற்கு மூன்று அளவுகளில் விலை. அரிசி ஆலைக்காரர்கூட நெல்லுக்கு ஏதோ ஒரு விலை கொடுத்துவிட்டுத்தான் மூட்டையைத் தூக்குவார்.

நம் யோக்கியதை என்ன? பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ‘அநியாயம்’ என்று ஒருவரும் எழுதுவதில்லை. அதைத் தனித்தனி சாட்டில் எழுதுகிறோம், எழுதிவிட்டு அழித்தும்விடுகிறோம். டீச்சர் நினைவூட்டல் போட்டதும் ஒருவர் ‘பெய்டு மேம்’ என்கிறார், கீழே வரிசையாக இருபத்தெட்டு ‘பெய்டு மேம்’, கும்பிடும் கைகள், ஒரு ரோஜாப்பூ. இவர்கள் கட்டாமல் விட்டால் அந்த நான்கு பிள்ளைகள் தனியே எழுந்து நிற்க வேண்டியிருக்காது, வகுப்பே நிற்கும். வகுப்பே நின்றால் குரூப் போட்டோவுக்குப் பெஞ்சு போட எந்த நிர்வாகத்துக்கும் கை வராது.

அதற்கு முன்னால் இன்னொரு காரியம் செய்யலாம். பிள்ளையின் டைரியில் நாமும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி அனுப்பலாம்:

‘அன்புள்ள தாளாளர் அவர்களுக்கு. பேருந்து நிலைய ஃபிளெக்ஸில் எங்கள் பிள்ளையின் முகம், மாதம் ஒன்றுக்கு 250. வேன் முதுகில், வேன் ஒன்றுக்கு 200. நாளிதழ் விளம்பரம், பிராஸ்பெக்டஸ் அட்டை, பள்ளி ஃபேஸ்புக் பக்கம் மூன்றும் சேர்த்து 600. தொகையை உறையிலிட்டு, பெயர், பதவி, நிறுவனருக்கு என்ன உறவு ஆகிய விவரங்களை எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் சரியான சில்லறையாகக் கொடுத்தனுப்பவும். இது ஆப்ஷனல்தான். கட்டாதவர்கள் திங்கட்கிழமை பிரேயரில் எழுந்து நிற்கவும்.’