இல்லாத உணவகத்துக்கு விருதளித்த கனவான்களுக்கு ஒரு விண்ணப்பம்

மகாராஜராஜஸ்ரீ நியூயார்க் நகரத்து ‘ஒயின் ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகையின் உணவக விருதுக் கமிட்டியார் அவர்கள் சமுகத்துக்கு, உணவகங்களில் உட்கார்ந்து உண்டு, மிதமாகக் குடித்து, முடிவில் பில்லைக் கட்டிவிட்டு எழுந்துபோகும் வர்க்கத்தைச் சேர்ந்த ஒரு வாசகன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது.

1981-ஆம் ஆண்டில் 13 உணவகங்களை மட்டும் பொறுக்கியெடுத்துத் தாங்கள் மகுடம் சூட்டிய காலம் தொட்டு, பல தேசங்களிலும் ஆயிரக்கணக்கான உணவகங்கள் தங்கள் முத்திரையை வாசலில் ஒட்டிவைத்துக்கொண்டிருக்கும் இந்தக் காலம் வரையில், ஒயின் ஜாபிதா என்னும் இலக்கிய வகைக்குத் தாங்கள் புரிந்துவரும் சேவை சாமானியமானதன்று. இலக்கிய வகை என்று நான் சொல்வதைப் பரிகாசமாகக் கொள்ளலாகாது. ஒரு நாவலை மதிப்பிட வேண்டுமானால் அதைப் படித்தால் போதும். அதில் வரும் பாத்திரங்கள் மெய்யாகவே எங்கேனும் குடியிருக்கிறார்களா என்று போலீஸ் ஸ்டேஷனில் விசாரித்துக்கொண்டிருப்பது ரசிகனுடைய வேலையன்று. தாங்களும் இந்தச் சீரிய மரபையே அனுசரித்து, உணவகத்தார் கட்டணத்துடன் அனுப்பிவைக்கும் காகிதங்களைப் படித்து, சுமார் 90 ஒயின்கள் உள்ள ஜாபிதாவுக்கு ஒரு கிண்ணமும், 350 உள்ளதற்கு இரண்டு கிண்ணமும், 1,000 உள்ளதற்கு மூன்று கிண்ணமும் சின்னமாக வழங்கிவருகிறீர்கள். எண்ணிக்கை மட்டுமே அளவுகோல் அன்று, உற்பத்தியாளரின் தரமும் உணவோடு ஒயினுக்குள்ள பொருத்தமும் கவனிக்கப்படுகின்றன என்று தாங்கள் அறிவித்திருப்பதையும், மூன்று கிண்ணத்துக்கு உரியவர்களை மாத்திரம் நேரில் சென்று பரிசீலிக்கிறீர்கள் என்பதையும் நான் அறிவேன். மற்றவர்கள் விஷயத்தில், ஒயினை மதிப்பிடும்போது நாக்கு என்ற அவயவத்துக்கு வேலை இல்லாமல் செய்துவிட்ட பெருமை தங்களையே சாரும்.

இந்த முறையின் மகிமை பூரணமாகப் பிரகாசித்தது 2008-ஆம் ஆண்டில். ராபின் கோல்ட்ஸ்டைன் என்ற ஒயின் விமரிசகர், இத்தாலியின் மிலான் நகரத்தில் ‘ஓஸ்டெரியா லின்ட்ரெபிடோ’ என்ற பெயரில் ஓர் உணவகத்தை ஸ்தாபித்தார். ஸ்தாபித்தார் என்றால், ஒரு பெயர், ஒரு விலாசம், ஒரு டெலிபோன் நம்பர், புதுப்பாணி இத்தாலியப் பதார்த்தங்களின் பட்டியல் ஒன்று, ஒயின் ஜாபிதா ஒன்று ஆகியவற்றைத் தயாரித்தார் என்று பொருள். அடுப்பு, மேஜை, நாற்காலி, சமையற்காரர், நிலவறை முதலிய அநாவசியங்களில் அவர் பணத்தை விரயம் செய்யவில்லை. விண்ணப்பத்தோடு கட்டணமாக 250 டாலர் அனுப்பினார். ஜாபிதாவின் சிகரமாக, ‘ரிசர்வ்’ என்ற கௌரவமான தலைப்பின் கீழ் விலையுயர்ந்த இத்தாலிய ஒயின்கள் சிலவற்றை வைத்திருந்தாரே, அங்கேதான் அவருடைய விஷமம் இருந்தது: முந்தைய இருபது ஆண்டுகளில் தங்கள் பத்திரிகையே சுவைத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, மட்டமான மதிப்பெண் போட்டு ஒதுக்கிய ஒயின்களாகப் பார்த்துத்தான் அவர் அங்கே அடுக்கியிருந்தார். 100-க்கு 58 வாங்கியது கூட அந்த வரிசையில் ஒன்று உண்டு. விருது வந்துசேர்ந்தது. ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரத்தில் கூடிய ஒயின் பொருளியல் அறிஞர்களின் மகாநாட்டில் அவர் எழுந்து நின்று, தாம் பெற்ற விருதையும் தமக்கில்லாத உணவகத்தையும் ஒருங்கே வெளியிட்டார். விருதைப் பாராட்டிய கையோடு, பத்திரிகையில் விளம்பரம் போடுவதற்குச் சித்தமா என்றும் தம்மைக் கேட்டார்கள் என்று அவர் சொல்கிறார்.

ஜாதகப் பொருத்தம் மட்டும் பார்த்துவிட்டுப் பெண் பார்க்காமலே நிச்சயம் செய்தவர்கள் எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் உண்டு. ஆனால் பெண்ணே பிறந்திராத வீட்டில் தாம்பூலம் மாற்றிக்கொண்ட சாகசத்தை அவர்களும் செய்ததில்லை.

தங்கள் நிர்வாக ஆசிரியர் இதற்கு அளித்த சமாதானத்தையும் நான் சிரத்தையோடு படித்தேன். பல தடவை டெலிபோனில் அழைத்தோம், ஒவ்வொரு தடவையும் செய்தி பதியும் கருவிதான் பேசிற்று. தேடிப் பார்த்ததில் மிலான் நகரத்து வரைபடத்தில் விலாசம் இருந்தது. ஜாபிதாவிலிருந்த 256 ஒயின்களில் மட்டமானவை சொற்பமே, மற்றவை நல்ல உற்பத்தியாளர்களுடையவை. வேண்டுமென்றே பொய்யை ஜோடிக்கிறவனிடம் யார்தான் ஏமாறமாட்டார்கள் என்பது அதன் சாராம்சம். நியாயம்தான். பொய் சொன்னவர் பொய் சொன்னவரே. அவருக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆயினும் அந்தச் சமாதானத்தைப் படித்தபோது எழுந்த ஒரு சந்தேகம் இன்றளவும் தீரவில்லை. உணவகம் இல்லாமற்போனது குற்றமென்று உலகம் சிரித்ததே, உணவகம் உண்மையாகவே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே ஜாபிதா, அதே விருது, அதே கிண்ணம் கண்ணாடிக் கதவில் ஒட்டப்பட்டிருக்கும். அதை நம்பி உள்ளே நுழைந்து, திருமண நாளைக் கொண்டாட வந்த ஒருவர் மனைவியின் எதிரில் கௌரவமாக ‘ரிசர்வ்’ பக்கத்தைத் திருப்பி, தாங்களே 58 கொடுத்த ஒயினைப் பெருந்தொகை கொடுத்து வரவழைத்துக் குடித்திருப்பார். அந்த உணவகம் இல்லாதிருந்ததுதான் மிலான் நகரத்துக்கு அது செய்த உபகாரம்.

காகிதத்தில் தெரியாதவை ஒருபுறம் இருக்கட்டும். காகிதத்திலேயே தெரிபவை சில உண்டு. இத்தாலியின் பியட்மாண்ட் பிரதேசத்துப் பரோலோ ஒயினை எடுத்துக்கொள்ளுங்கள். 1994-இல் அறுவடைச் சமயத்தில் அங்கே மழை பிடித்துக்கொண்டு திராட்சையைக் கெடுத்தது. 1996-இலோ அருமையான திராட்சை, பல்லாண்டு தாங்கக்கூடிய ஒயின். ஒரே மனிதர், ஒரே தோட்டம், ஒரே திராட்சை, ஆனால் இரண்டும் வெவ்வேறு சரக்கு. ஜாபிதாவில் ‘பரோலோ’ என்று மட்டும் எழுதி, ஆண்டைப் போடாமல், விலையை மட்டும் மறக்காமல் போட்டிருக்கும் உணவகத்தார் நமக்கு விற்பது ஒயினையன்று, லாட்டரிச் சீட்டை. அப்படிப்பட்ட நூறு வரிகள் உள்ள ஜாபிதாவைவிட, ஆண்டும் ஊரும் உற்பத்தியாளர் பெயரும் பிழையில்லாமல் எழுதி, அந்தச் சமையலோடு இசையக்கூடியவையாக முப்பதே வரிகள் வைத்திருக்கும் சின்ன உணவகத்தார் எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம். தங்கள் 90 என்ற வாசலில் அவர்கள் நுழையவே முடியாது.

விலையைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். மொத்த வியாபாரியிடம் வாங்கிய விலையைப்போல் இரண்டரை மடங்கு, மூன்று மடங்கு வைப்பது உணவகத் தொழிலில் சகஜம். வாடகையும் ஆட்களின் சம்பளமும் கிண்ணங்கள் உடையும் நஷ்டமும் இருக்கின்றன, அதை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அந்த மடங்கு ஜாபிதாவெங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. ஜாபிதாவில் மலிவில் இரண்டாவதாக உள்ள ஒயினில்தான் கொள்ளை லாபம், கஞ்சனென்று காட்டிக்கொள்ளக் கூசுகிறவன் அதைத்தான் கேட்பான் என்று ஒரு ஐதீகம் உண்டு. லண்டன் உணவகங்களில் 6,000-க்கு மேற்பட்ட ஒயின்களின் விலைகளை ஆராய்ந்த டேவிட் டி மேஸா, விக்ரம் பதானியா என்ற பொருளியலார் இருவர், அது பொய்யென்றும், லாப விகிதம் உச்சத்துக்குப் போவது ஜாபிதாவின் நடுப்பகுதியில் என்றும் கண்டார்கள். அதாவது, மலிவானதைக் கேட்க வெட்கப்பட்டு, உயர்ந்ததைக் கேட்கப் பயந்து, நடுவில் விரலை வைக்கிற நம்மைப்போன்ற மத்தியதரத்து மனிதர்கள்தாம் உணவகத்தாருக்கு அன்னதாதாக்கள். ஒரு கிண்ணமோ, இரண்டு கிண்ணமோ, இந்த விஷயத்தில் எங்களுக்கு ஒன்றும் சொல்வதில்லை.

கோப்பைக் கணக்கில் விற்பது இன்னும் ரசமானது. 750 மில்லி புட்டியில் 150 மில்லி வீதம் ஐந்து கோப்பை. முதல் கோப்பையின் விலையிலேயே புட்டியின் மொத்தக் கொள்முதல் விலை வந்துவிட வேண்டும் என்பது பல உணவகங்களில் வழக்கம். மிச்சம் நான்கும் லாபம். செவ்வாய்க்கிழமை இரவு திறந்த புட்டியில் ஐந்தாவது கோப்பை வியாழக்கிழமை ராத்திரி ஒருவருக்கு ஊற்றப்படுகிறது. அதற்குள் காற்றுப் பட்டுப் பழவாசனை போய், காடியின் சாயல் லேசாக ஏறியிருக்கும். பரிசாரகர் அதை மிக நேர்த்தியாக, புட்டியின் லேபிள் நம்மைப் பார்க்கும்படி பிடித்துத்தான் ஊற்றுவார். தங்களுக்கு அனுப்பப்பட்ட ஜாபிதாவில் அந்த ஒயின் அன்றும் இன்றும் அப்பழுக்கில்லாமல் இருக்கிறது.

ஜாபிதாவின் தோல் அட்டை, பொன் எழுத்து, மடியில் வைத்தால் தொடை மரத்துப்போகும் கனம் ஆகியவற்றைப் பற்றி எழுத இடமில்லை.

ஆகையால் கமிட்டியார் சமுகத்தில் நான் செய்துகொள்ளும் பிரார்த்தனை பெரிதன்று. கட்டணத்தை வேண்டுமானால் உயர்த்திக்கொள்ளுங்கள், கொடுக்கிறவர்கள் கொடுப்பார்கள். அதில் ஒரு பகுதியைச் செலவிட்டு, ஒவ்வோர் உணவகத்துக்கும் தங்கள் பெயரைச் சொல்லிக்கொள்ளாத ஒரு மனிதரை ஒரு வாரநாள் இரவில் அனுப்பிவையுங்கள். அவர் சொந்தப் பணம்போல் எண்ணிச் செலவழிக்கட்டும். ஜாபிதாவில் இருப்பதிலேயே மலிவான சிவப்பு ஒயினில் ஒரு கோப்பை கேட்டு, புட்டி என்றைக்குத் திறந்தது என்று பரிசாரகரை விசாரித்து, அவர் சொன்ன பதிலையும், குடித்ததில் தெரிந்ததையும், கட்டிய பில்லையும், கிண்ணச் சின்னத்துக்குப் பக்கத்திலேயே தயவுசெய்து அச்சிடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் விதேயன்,
பில் கட்டும் வாசகன்