தேய்வதற்கென்றே ஒரு கையுறை

லாங்போர்டு ஓட்டுபவர்கள் போட்டுக்கொள்ளும் சிலைடு கையுறைக்கு ஒரே வேலைதான்: கீழே விரைந்து ஓடிக்கொண்டிருக்கும் தார்ச்சாலையின் மேல் மனிதர் கைவைக்க வழிசெய்வது. மற்றக் கையுறைகள் பெரும்பாலும் கையை எதிலிருந்தாவது விலக்கி வைப்பதற்காகப் பிறந்தவை. குளிர், முள், அமிலம், சேறு என்று அந்தப் பட்டியல் நீளும். இது மட்டும், எது தோலைக் கிழிக்குமோ அதன்மேலேயே கையை ஊன்றச் சொல்கிறது.

இந்த விபரீத ஏற்பாட்டுக்குக் காரணம் பிரேக் இல்லாமை. லாங்போர்டு என்பது ஸ்கேட்போர்டின் நீண்ட வடிவம். ஏறத்தாழ ஒரு மீட்டர் பலகை, அடியில் 70 மி.மீ. விட்டத்தை ஒட்டிய நான்கு யூரித்தேன் சக்கரங்கள், அவ்வளவுதான். சரிவில் இறங்கும்போது வேகமெடுக்க ஓட்டுபவர் ஒரு பாடும் படவேண்டாம். புவியீர்ப்பு அதைச் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொள்ளும். பயிற்சி எல்லாம் வேகத்தைக் குறைப்பதற்குத்தான். நிமிர்ந்து கைகளை விரித்துக் காற்றை நெஞ்சால் தடுக்கலாம். ஒரு காலை இறக்கித் தரையில் தேய்க்கலாம். இதில் நிச்சயமாகக் குறைவது காலணியின் ஆயுள். மூன்றாவது வழி, பலகையைக் குறுக்கே திருப்பிச் சக்கரங்களை உருளவிடாமல் இழுபடச் செய்வது. இதற்குப் பெயர் சிலைடு.

கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத்து மலைத்தெருக்களில் இந்த வித்தையை வளர்த்து மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் கிளிஃப் கோல்மன். புதிதாகப் பழகுபவர்கள் முதலில் கற்கும் சிலைடு இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. பலகையின்மேல் குந்தி, முதுகுப் பக்கமாக ஒரு கையைச் சாலையில் ஊன்றி, அந்தக் கையைச் சுற்றிப் பலகையைத் திருப்புவது அதன் சாரம். கைக்கும் தாருக்கும் நடுவே ஏதாவது இருந்தாக வேண்டும் என்பது இதை ஒருமுறை வெறுங்கையோடு யோசித்துப் பார்த்தாலே விளங்கும்.

எவ்வளவு சூட்டைப் பற்றிய பேச்சு இது? 80 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இறங்கும்போது அவரிடம் உள்ள இயக்க ஆற்றல் சுமார் 11,000 ஜூல். ஒரு டம்ளர் தண்ணீரில், அதாவது 150 மில்லிலிட்டரில், சூட்டை 18 டிகிரி செல்சியஸ் ஏற்ற அது போதும். காபிக்குக்கூடப் பற்றாத இந்தச் சூட்டில் பெரும்பங்கு சக்கரங்களுக்கும் சாலைக்கும் போய்விடுகிறது. மிச்சம் உள்ளங்கையில் சில சதுர சென்டிமீட்டரில் வந்து இறங்கும்போதுதான் அதன் மதிப்பு தெரிகிறது.

கையுறை வாங்க வருபவர் முதலில் பார்ப்பது நிறம், பிறகு தையல், பிறகு மணிக்கட்டில் பொறித்த மண்டையோட்டுப் படம். இவற்றில் எதுவும் சாலையைத் தொடப்போவதில்லை. தொடப்போவது உள்ளங்கையில் வெல்க்ரோவால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் வட்டு. ஓட்டுபவர்கள் அதைப் 'பக்' என்பார்கள். கையுறையின் மீதிப் பாகமெல்லாம் அந்த வட்டைக் கையோடு பிடித்துவைக்கும் ஏற்பாடு. ஆகவே தேர்வு வட்டில் தொடங்குவதே முறை. கடையில் அது பெரும்பாலும் கடைசியில்தான் நடக்கிறது, அல்லது நடப்பதே இல்லை.

வட்டுக்கு வேண்டிய குணங்கள் இரண்டு. வழுக்க வேண்டும்; சீக்கிரம் தேயக்கூடாது. ஏழைக்கேற்ற விடை, காய்கறி நறுக்கும் பிளாஸ்டிக் பலகை. அதை வட்டமாக அறுத்து வீட்டுவேலைக் கையுறையில் ஒட்டிக்கொண்டவர்கள் இந்த விளையாட்டில் நிறைய உண்டு. அது நன்றாகவே வழுக்கும். ஆனால் பாலிஎதிலீன் 130 டிகிரியை ஒட்டி உருகிவிடும். நீண்ட சிலைடில் மேற்பரப்பு இளகிச் சாலையைப் பற்றத் தொடங்கும். வழுக்கவேண்டிய பொருள் ஒட்டத் தொடங்கினால் கை ஓரிடத்தில் நின்றுவிடும், தோள் மட்டும் பயணத்தைத் தொடரும். அதே குடும்பத்தைச் சேர்ந்த, மூலக்கூறு மிக நீண்ட பாலிஎதிலீன் உராய்வுக்கு நன்றாக ஈடுகொடுக்கும். ஆனால் உருகுநிலையில் அண்ணனைவிடப் பெரிதாக உயர்ந்துவிடவில்லை.

அடுத்தது டெல்ரின். பல்சக்கரம், ஜிப், கிட்டார் மீட்டும் வில்லை முதலியவற்றுக்குப் பயன்படும் இந்தக் கெட்டியான பிளாஸ்டிக் 175 டிகிரியை ஒட்டித்தான் உருகும். தார், கான்கிரீட் இரண்டிலும் சீராக வழுக்கும். பெரும்பாலானவர்களுக்கு இது போதும். போதும் என்று சொன்னால் விளையாட்டுக்காரர்கள் நிறுத்திக்கொள்வதில்லை என்பதால் கொரியன் வந்தது. சமையலறை மேடைக்காக டுபாண்ட் நிறுவனம் 1967இல் உருவாக்கிய பொருள் அது: அக்ரிலிக்கில் அலுமினியம் சார்ந்த கனிமத் தூளைக் கலந்து வார்த்த பலகை. டெல்ரினையும் உருவாக்கியது அதே நிறுவனம்தான். கொரியன் உருகி இளகுவதைவிடத் தூளாகி உதிர்வதையே விரும்பும், ஆகவே சூட்டில் நிதானம் இழக்காது. பதிலுக்குத் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கிறீச்சிடும். கல்லில் மோதினால் விளிம்பு பெயரும். சமையலறை மேடை அமைப்பவரிடம் வெட்டி எறிந்த துண்டு கிடைக்கலாம் என்பது இதன் தனிச்சிறப்பு.

தீக்கல் பதித்த வட்டுகளும் உண்டு. சாலையில் உரசும்போது பொறி பறக்கும். வேகத்தைக் குறைப்பதில் பொறிக்கு எந்தப் பங்கும் இல்லை. புகைப்படம் எடுக்க நண்பர் வராத நாளில் அதை வாங்கியதற்கான காரணமும் இல்லை.

புது வட்டின் விளிம்பு கூர்மையாக இருந்தால் சாலையின் வெடிப்பில் மாட்டிக்கொள்ளும். உப்புத்தாளால் தேய்த்து வளைத்துக்கொள்வது நல்லது. வட்டைத் திருகாணியால் உறையில் முடுக்குபவர்கள், பிளாஸ்டிக் தேயத் தேயத் திருகாணியின் தலை சாலையை நெருங்கி வருவதை நினைவில் வைப்பது அதைவிட நல்லது.

வெல்க்ரோவின் எதிரிகள் மணல், ஈரம், நூல்பிசிறு. கொக்கிகளில் குப்பை சேர்ந்தால் பிடி தளரும். சூடு ஏறினால் ஒட்டிய பசை இளகும். பிடி விட்ட வட்டு சரிவில் தனியாக இறங்கிப் போகும். பிரேக் அதற்கும் இல்லை. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு வட்டுகளுக்கு ஒரு நியாயம் உண்டென்றால் இதுதான்: புதரில் தேடும்போது கண்ணில் படும். கறுப்பு வட்டு வாங்கியவர் தாரின்மேல் தாரைத் தேட நேரும்.

உறைக்கு வருவோம். உள்ளங்கைப் பக்கம் ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ இருந்தால் போதும். விரல்நுனிகளில் இரட்டைத் தோல் இருக்கவேண்டும், தையல் தரையில் படாத இடத்தில் ஓடவேண்டும். கெவ்லார் நூலால் தைத்திருந்தால் நல்லது. புறங்கையில் காற்றுப்போகும் துணி இருப்பது கையைவிட மூக்குக்கு உபகாரம். விரல்களிலும் சிறு வட்டுகளோ பட்டைகளோ வைத்த கையுறைகள் தொடக்கநிலைக்காரர்களுக்கு உதவும். விரலை மேலே தூக்கிவைத்து உள்ளங்கையை மட்டும் ஊன்றவேண்டும் என்பதைப் பயத்தில் விரல்கள் மறந்துவிடுகின்றன.

அளவு பார்ப்பது சுலபம். கட்டைவிரலை விட்டுவிட்டு மற்ற நான்கு விரல்களின் முட்டிகளைச் சுற்றி அளவுநாடா வைத்தால் போதும். தளர்ந்த உறையில் வட்டு ஒரு பக்கம் போகும், உள்ளங்கை இன்னொரு பக்கம் போகும். தோல் பழகப் பழக நெகிழும் என்பதால் புதிதில் சற்று இறுக்கமாக இருப்பதே சரி. வளர்கிற வயது என்று பிள்ளைக்கு ஓர் அளவு பெரிதாக வாங்கும் பெற்றோரின் ஞானம் பள்ளிச் சீருடைக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

மணிக்கட்டு பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. விழுபவர்கள் கையை நீட்டி ஊன்றும்போது மணிக்கட்டு எலும்பு முறிவது சறுக்கு விளையாட்டுகளில் வழக்கமான காயம். அதைத் தடுக்கும் காப்புகளில் மணிக்கட்டை மடங்கவிடாத விறைப்பான தகடு இருக்கும். சிலைடுக்கோ மணிக்கட்டு அசைந்தாக வேண்டும்; இல்லாவிட்டால் வட்டு முழுதாகத் தரையில் படியாது. சமதரையில் தள்ளித் தள்ளிப் பழகுபவருக்குத் தகடு வைத்த காப்பே மேல். மலையிறங்கி சிலைடு போடுபவருக்கு நெகிழும் கையுறை. இரண்டையும் ஒரே உறையில் தருவதாகச் சொல்லும் சரக்கு பெரும்பாலும் இரண்டையும் அரைகுறையாகவே தருகிறது.

சாலையும் வட்டின் ஆயுளைத் தீர்மானிக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மேரிஹில் என்ற இடத்தில் சாம் ஹில் என்பவர் நல்ல சாலைகளின் அருமையை ஊருக்கு உணர்த்த 1913 வாக்கில் தம் செலவில் ஒரு வளைவுச் சாலை போட்டு முடித்தார். பிற்காலத்தில் அங்கே லாங்போர்டு பந்தயங்கள் நடந்தன. சாலையின் தரத்தை மனிதர்கள் உள்ளங்கையால் சோதிப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். வழவழப்பான தாரில் பல மாதம் உழைக்கும் வட்டு, கப்பி துருத்திய பழைய சாலையில் வேகமாகக் கரையும்.

பந்தயங்களை நடத்தும் சர்வதேச டவுன்ஹில் கூட்டமைப்பின் போட்டிகளில் முழுமுக ஹெல்மெட்டும் தோலுடையும் கையுறையும் கட்டாயம். ஆனால் அதிவேகத்தில் கையுறைக்கு வேலை குறைவு. 2017இல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பீட்டர் கானலி மணிக்கு 146.73 கி.மீ. வேகத்தைத் தொட்டு உலக சாதனை படைத்தார். அந்த மாதிரி இறக்கத்தில் ஓட்டுபவர் குனிந்து, இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்திருப்பார். வட்டுகள் அங்கே ஓய்வாகக் காற்று வாங்கும்.

கடைசியாகத் தேய்மானம். இடது கால் முன்னே வைத்து ஓட்டுபவர் முதுகுப்பக்க சிலைடில் ஊன்றுவது இடது கையை. முதலில் கற்பது அந்த சிலைடுதான் என்பதால் இடது வட்டு கரைந்து முடியும்போது வலது வட்டு கடையிலிருந்து வந்தபடியே மின்னும். கடைகள் வட்டுகளைப் பெரும்பாலும் ஜோடியாகத்தான் விற்கின்றன. வட்டம் என்பதால் இடது வலது பேதம் இல்லை, மாற்றி ஒட்டிக்கொள்ளலாம். கை எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே ஊன்றுவதால் வட்டு ஆப்புபோலத் தேயும். அவ்வப்போது கால்வட்டம் திருப்பி ஒட்டினால் சீராகும். வெல்க்ரோ தெரியும்வரை காத்திருக்காமல், சில மில்லிமீட்டர் மிச்சமிருக்கும்போதே புது வட்டு மாட்டவேண்டும். தோலுறையைச் சலவை இயந்திரத்தில் போட்டால் விறைத்துச் சுருங்கும். நிழலில் உலர்த்துவதே கதி. வட்டை மாற்றி மாற்றி ஒரே உறையைப் பல பருவங்கள் ஓட்டலாம். பழைய உறையை வாங்க நினைப்பவர் தையலை இழுத்துப் பார்த்து, விரல்நுனியில் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விலை பேசுவதற்கு முன் ஒருமுறை முகர்ந்தும் பார்த்துவிடுவது நல்லது.