ஜி. பேபி, வயது 56

என் பெயர் பேபி. வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில், ரேஷன் கார்டில், ஆதாரில், நிலப் பத்திரத்தில் என்று அரசாங்கம் முத்திரை குத்திய அத்தனை காகிதத்திலும் நான் பேபிதான். அப்பா கோவிந்தசாமியின் முதலெழுத்தைச் சேர்த்தால் ஜி. பேபி. வயது 56. மூட்டு வலி உண்டு. பேரன் உண்டு.

இந்தப் பெயரோடு வெளியே கிளம்பினால் பொழுது போவதற்குப் பஞ்சமே இல்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகர் பட்டியலைப் பார்த்துவிட்டு முதலில் என் மடியைத்தான் பார்ப்பார். 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ரயில்வே பெருந்தன்மையோடு ஒதுக்கும் லோயர் பெர்த்தில், மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் பேபி என்று அவருக்குப் பிடிபடச் சற்று நேரமாகும். ஆஸ்பத்திரியில் "பேபி யாரும்மா?" என்று நர்ஸ் கூப்பிடுவார். நான் எழுந்து நிற்பேன். "நீங்க இருங்கம்மா, குழந்தையத் தூக்கிட்டு வாங்க" என்பார். வங்கியில் டெபாசிட் போடப் போனால், "மைனர் அக்கவுன்ட்டா? கார்டியன் யாரு?" என் கல்யாணப் பத்திரிகையில் 'திருநிறைச்செல்வி பேபி' என்று அச்சடித்திருந்ததைப் பார்த்த பெரியவர் ஒருவர் அப்பாவைத் தனியே அழைத்துப் போய், பெண்ணுக்கு 18 வயது ஆக வேண்டும் என்று 1978இலேயே சட்டம் வந்துவிட்டதே என்று கவலையோடு விசாரித்தாராம்.

இப்போது புதிதாக ஒரு வில்லங்கம் சேர்ந்திருக்கிறது. பஸ்ஸில் பின் சீட்டிலிருந்து ஒரு பையன், "பேபி, சாப்ட்டியா?" என்று குழைகிறான். நம்மை இவ்வளவு பரிவாகக் கேட்க யார் இருக்கிறார்கள் என்று திரும்பி, "சாப்ட்டேன் தம்பி" என்று சொல்லிவிட்டேன். அவன் காதில் போன் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். அடுத்த ஸ்டாப்பிலேயே அவன் இறங்கிக்கொண்டான்.

என்னைத் தொட்டிலில் இட்டபோது வைத்த பெயர் அலமேலு. அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர். அந்தக் காலத்து வீடுகளில் மூத்த பேத்திக்குப் பாட்டி பெயர் வைப்பது வழக்கம். அந்தப் பெயரை வைத்துப் பெரியவர்களுக்கு மரியாதை செய்துவிடலாம். வைத்துக்கொண்டு வேலைதான் நடக்காது. மாமியார் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது மருமகள், "அடியே அலமேலு, உனக்கு அறிவிருக்கா?" என்று குழந்தையைத் திட்ட முடியுமா? ஆகவே தொட்டிலுக்கு ஒரு பெயர், திட்டுவதற்கு ஒரு பெயர் என்று எல்லா வீட்டிலும் இரண்டு பெயர் புழங்கின. அம்முவும் குட்டியும் பாப்பாவும் பட்டுவும் குஞ்சுவும் அப்படிப் பெருகிய கூட்டம்தான்.

எனக்குப் பேபி வந்தது ஆஸ்பத்திரியிலிருந்து. பிறந்த குழந்தைக்குப் பெயர் இல்லாததால் அங்கே 'பேபி ஆஃப் சரஸ்வதி' என்று எழுதினார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் சில நாள் இதுதான் பெயர். மற்றவர்களுக்கு அது ஆஸ்பத்திரிச் சீட்டோடு போய்விடும். எங்கள் தெருவுக்கு இங்கிலீஷ் பெயர் புதிது என்பதால் என்னோடு தங்கிவிட்டது. ஐந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர். தொட்டேன். வயது முடிவாயிற்று. "பேர் என்ன?" என்றார். அப்பா வாயைத் திறப்பதற்குள் நானே, "பேபி" என்றேன். எழுதிவிட்டார். ஒரு காதைத் தொட்ட நேரத்தில் என் பிறந்த தேதியும் பெயரும் சட்டப்படி நிலைபெற்றன.

சினிமாவில் இந்தப் பெயர் ஒரு பட்டம். நான் பிறந்த 1969இல் 'துணைவன்' படத்தில் முருகனாக வந்த குழந்தை பேபி ஸ்ரீதேவி. 1976இல் 'மூன்று முடிச்சு' வந்தபோது அவர் வெறும் ஸ்ரீதேவி. ஷாலினியும் ஷாமிலியும் அப்படித்தான், வளர்ந்ததும் பேபியைக் கழற்றி வைத்துவிட்டுக் கதாநாயகி ஆனார்கள். எனக்குக் கழற்றினால் மிச்சம் இருப்பது ஒரு ஜி.

தமிழ்நாடு அரசிதழில் விளம்பரம் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளலாமே என்று யோசனை சொல்லாத உறவினர் இல்லை. கொடுக்கலாம். அதன் பிறகு ஆதாரிலிருந்து கேஸ் புத்தகம் வரை ஒவ்வொரு கவுன்டரிலும் நின்று, பேபியும் அலமேலுவும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டும். பெயரோடு வாழ்வது அதைவிடச் சுலபம்.

போன மாதம் அண்ணன் மகள் போன் செய்தாள். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. "அத்தை, பாப்பாவுக்கு அம்முன்னே சர்டிஃபிகேட்ல போட்டுடலாம்னு இருக்கோம். நீளமா எதையாவது வெச்சிட்டு அப்புறம் சுருக்கிக் கூப்பிடறதுக்கு, நேரா இதையே வெச்சுட்டா என்ன?" அவள் கையில் ஜோதிடமும் தயாராக இருந்தது. கார்த்திகை நட்சத்திரத்துக்கு அ, இ, உ, எ. அம்மு பொருந்திவிட்டது. (சித்திரை நட்சத்திரமாக இருந்தால் பே, போ, ர, ரி. என் பெயருக்கும் சாஸ்திர சம்மதம் உண்டு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.) மாப்பிள்ளை வீட்டிலோ எண் கணிதப்படி இன்னொரு 'எம்' சேர்க்கச் சொல்கிறார்களாம்.

அண்ணிக்குத்தான் மனசு ஆறவில்லை. "குழந்தையா இருக்கும்போது நல்லா இருக்கும். கிழவியானா அம்முன்னு கூப்பிட முடியுமா? ஆபீஸ்ல மதிப்பாங்களா?"

இந்த வாதத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை. 1952இல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர் அம்மு சுவாமிநாதன். அதற்கு முன்பே, நம் அரசமைப்புச் சட்டத்தை உருவாக்கிய அவையில் உட்கார்ந்திருந்தவர். அங்கே யாரும் அம்முவைத் தூக்கிக் கொஞ்சியதாகத் தகவல் இல்லை. தேக்கம்பட்டி பாப்பம்மாள் நூறு வயதைத் தாண்டி, இயற்கை விவசாயத்துக்காக 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். மதுரைப் பக்கத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களை வளர்த்த சின்னப்பிள்ளையின் காலில் விழுந்து வணங்கியவர் அன்றைய பிரதமர் வாஜ்பாய். டி.கே. பட்டம்மாளுக்கும் இட்ட பெயர் அலமேலுதான். வீட்டில் 'பட்டா' என்று அழைத்தது மேடையேறிப் பட்டம்மாள் ஆயிற்று. அலமேலு என்ற பெயருக்கே இப்படி ஒரு ராசி போலிருக்கிறது. ஆக, செல்லப் பெயர் கிழவிக்கும் பொருந்தும், பதவிக்கும் பொருந்தும், மேடைக்கும் பொருந்தும்.

அதோடு, பெற்றவர்கள் கொஞ்சி வைத்த பெயரில் குற்றம் காண எனக்கு மனசு வராது. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில், எமன் கண் படக்கூடாது என்று குப்பம்மாள், பிச்சையம்மாள் என்று பெயர் வைத்தார்கள். வரிசையாகப் பெண்ணே பிறந்த வீட்டில் 'போதும்பொண்ணு' என்று வைத்தார்கள். என் வகுப்பில் ஒரு போதும்பொண்ணு இருந்தாள். ஆஜர் எடுக்கும்போது அவள் பெயர் வந்தால் வகுப்பே சிரிக்கும். அவள் எதிரில் என் பெயரைப் பற்றிக் குறைபட்டுக்கொள்ள நான் யார்?

இவ்வளவும் சொல்லிவிட்டு, "வேண்டாம்டி" என்றேன் அண்ணன் மகளிடம். அவள் குழம்பிப் போனாள். காரணம் ஆபீஸில் இல்லை, வீட்டில் இருக்கிறது.

என் தோழி ஒருத்தி வெளியே விஜயலட்சுமி, வீட்டில் லட்டு. அவள் அம்மா கொல்லையிலிருந்து "விஜயலட்சுமி!" என்று முழுப் பெயரையும் கூப்பிட்டால் போதும், குற்றம் வெளிப்பட்டுவிட்டது, விசாரணை தொடங்கப் போகிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். என் அம்மாவுக்கு அந்த வசதி இல்லை. கொஞ்சவும் பேபி, கண்டிக்கவும் பேபி. கோபம் தலைக்கேறினால் வேறு வழியில்லாமல், "ஜி. பேபி, இங்க வா!" என்பாள். கல்யாணமான புதிதில் என் கணவரும் செல்லமாக ஏதாவது கூப்பிடத்தான் பார்த்தார். அரசாங்கமே பேபி என்று கூப்பிடுகிறவளை அதற்கு மேல் ஒரு புருஷன் என்னவென்று கொஞ்சுவான்? "இந்தா, உன்னைத்தான்" என்பதில் நிலைத்துவிட்டார். பிள்ளைகளுக்கு அம்மா, பேரனுக்குப் பாட்டி. ஆசையாகப் பேபி என்று அழைத்த அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். இப்போது அந்தப் பெயரை விடாமல் சொல்வது வங்கி ஒன்றுதான்: "டியர் பேபி, உங்கள் கே.ஒய்.சி. காலாவதியாகிவிட்டது."

எம்.எஸ். உலகத்துக்கே சுப்புலட்சுமி, குஞ்சம்மா வீட்டோடு இருந்தார். ஜெயலலிதா கட்சிக்கு அம்மா. அம்மு வேதா நிலையத்தோடு நின்றது. விவரமானவர்கள்.

எங்கள் காலத்தில் பெயரைத் தலைமையாசிரியர் முடிவு செய்தார். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதியையும் இடத்தையும் நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதிலிருந்து ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு வரை அதைத்தான் காட்ட வேண்டும். அதில் எழுதிய பெயரும் கூடவே வரும். அதனால் அவசரம் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதுவரை அம்மு, குட்டி, பட்டு என்று வாய்க்கு வந்தபடி கூப்பிட்டுக்கொண்டே யோசியுங்கள். பிறகு சான்றிதழில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுதுங்கள். உங்கள் பெண்ணை அம்மு என்று கூப்பிடும் உரிமையை மட்டும் வங்கிக்கும் மின்வாரியத்துக்கும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.